ஏழாம் நம்பர் குழாய்

கண்டக்டர் குறைக்க மாட்டாரு அண்ணாச்சி, விடுங்க. இந்த பஸ்ல ஏசிக்கு ரெண்டே நிலைமைதான். ஒண்ணு ஓடும், இல்லன்னா கெட்டுப்போகும். இந்தாங்க, இந்தத் துண்டைப் போத்திக்கிடுங்க. துவைச்ச துண்டுதான், மோந்து பாக்காதீய.

இதெல்லாம் ஒரு குளிரா? நான் ஒரு டிகிரியில, இருட்டு அறையில, பதினெட்டுக் குழாய்ச் சேத்துக்குக் காவல் இருந்தவன். சிரிக்காதீய. சேறுதான். கடலுக்கு அடியில கிடக்கிற சேறு. அதுக்கு நான் நர்ஸ் வேலை பாத்தேன், போன வருஷம் ஜூன், ஜூலை ரெண்டு மாசம். மதுரை போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் இருக்கு, சொல்லுதேன் கேளுங்க. உங்களுக்கும் நேரம் போகும், எனக்கும் வயித்தெரிச்சல் தீரும்.

என் பேரு இன்னாசி மொத்தா. தூத்துக்குடிதான். கடல் ஆராய்ச்சி நிலையம் ஒண்ணுல டெக்னீஷியன். எந்த நிலையம்னு கேக்காதீய, இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. இருபத்தெட்டு வருஷமா கடல்ல இருந்து சேறு எடுக்குறதுதான் என் வேலை. மன்னார் வளைகுடா சேறு, பாக் நீரிணைச் சேறு, எந்தச் சேறா இருந்தாலும் கலங்காம, மேல் படலம் உடையாம, அப்படியே அல்வாத் துண்டு மாதிரி எடுத்துக் கொடுப்பேன். டாக்டர் பட்டம் வாங்கினவனெல்லாம் என் கை எடுத்த சேத்துலதான் வாங்கினான். அதை அவனுவ சொல்ல மாட்டானுவ, நானே சொல்லிக்கிட வேண்டியிருக்கு.

போன வருஷம் எங்க ஆபீஸுக்குக் கடிதாசு வந்தது. நார்வேக்கு வடக்கே ஒரு குளிர்க்கடல், பேரண்ட்ஸ் கடல்னு பேரு. அதுல ஆழம் கம்மியான மேட்டுப்பகுதி ஒண்ணு. எழுவது, எம்பது மீட்டர் இருக்கும். பனைமரத்தை ஒண்ணுமேல ஒண்ணா நாலு நட்டா அவ்வளவுதான் கடல். அங்க ஒரு கப்பல்ல சேர்ந்து ஆராய்ச்சி பண்ணணும், நம்ம பக்கம் ஒரு விஞ்ஞானி, ஒரு டெக்னீஷியன் வேணும். டெக்னீஷியன் நான். விஞ்ஞானி யாருன்னு பாத்தா டாக்டர் பாமதி. முப்பத்தொண்ணு வயசு. ஊரு நாமக்கல். அண்ணாச்சி, நாமக்கல்லுல முட்டை உண்டு, லாரி உண்டு, ஆஞ்சநேயர் உண்டு. கடல் உண்டா? மீன் வாயில வைக்காத புள்ளை. அது எனக்குக் கடலைப் பத்திச் சொல்லிக் கொடுக்கப் போகுதாம். நான் கப்பல் ஏறும்போதே இது உருப்படாதுன்னு என் சம்சாரம் ரெஜினாகிட்ட போன்ல சொல்லிட்டேன்.

என்ன வேலைன்னு சொல்லுதேன். கம்பிக் கூண்டு ஒண்ணு இருக்கும், ஆள் உசரம். அதுல குழாய் குழாயா மாட்டியிருக்கும், கண்ணாடி மாதிரி உள்ள தெரியும். கூண்டை ரோப்ல கட்டி அடியில இறக்கினா, ஒவ்வொரு குழாயும் பாதி சேறும் பாதி தண்ணியுமா அள்ளிக்கிட்டு வரும். அதைக் கொண்டுபோய் குளிர் அறையில வைக்கணும், கடலடியில இருக்கிற அதே குளிரு, அதே இருட்டு. அப்புறம் ஒரு காத்துக் குமிழிகூட இல்லாம மூடி போட்டு அடைக்கணும். உள்ள ஒரு சின்னக் காந்தம் தண்ணியை மெல்லமாக் கலக்கிக்கிட்டே இருக்கும். குழாய்ச் சுவத்துல பொட்டு மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும். வெளியில இருந்து அதுமேல வெளிச்சம் அடிச்சா, தண்ணியில ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு மிஷின் சொல்லும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க போய் அதைக் குறிக்கணும்.

எதுக்கா? நானும் இதைத்தான் கேட்டேன். சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி, புழு, சிப்பி எல்லாம் இருக்குல்லா, அதெல்லாம் மூச்சு விடணும்லா? மேல நிக்கிற தண்ணியில இருந்து ஆக்சிஜனை இழுக்கும். எவ்வளவு இழுக்குதுன்னு தெரிஞ்சா, அந்தக் கடல்ல மேல இருந்து கீழ எவ்வளவு சாப்பாடு விழுது, கீழ இருக்கிறதுவ எவ்வளவு திங்குதுன்னு கணக்குச் சொல்லலாம். அங்க பனி உருகிக்கிட்டு வருது, அந்தக் கணக்கு மாறுதான்னு பாக்கணுமாம். சுருக்கமாச் சொன்னா, சேத்துக்கு மூக்குல கை வச்சுப் பாக்குற வேலை.

குளிர்ல எல்லாமே மந்தம் அண்ணாச்சி. நம்ம ஊருச் சேறுன்னா அரை நாள்ல ஆக்சிஜனைக் குடிச்சுத் தீத்துப்புட்டு இன்னும் கொண்டாங்கும். அந்தச் சேறு சர்க்கார் ஆபீஸ் மாதிரி. ஒரு நாள் பூரா உக்காந்தாலும் நூத்துக்கு ஒம்பது, பத்துதான் குறையும். அதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க நான் கம்பளிக் கோட்டு, குல்லா, நெத்தியில செவப்பு விளக்குன்னு மாட்டிக்கிட்டுப் போகணும். வெளியில வந்தா சூரியன் மறையவே மறையாது. ரிட்டயர் ஆகமாட்டேன்னு சீட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற ஆபீசர் மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் மேலேயே உக்காந்திருக்கு. அறைக்குள்ள இருட்டு, வெளியில வெயிலு. எது காலைச் சாப்பாடு, எது ராச்சாப்பாடுன்னே எனக்குக் குழம்பிப்போச்சு.

அந்தப் புள்ளை பாமதி இருக்கே, குழாயைத் தொடாதீங்கண்ணா, மூச்சுக்காத்து படுதுங்கண்ணா, ரெண்டு நிமிஷம் லேட்டாயிடுச்சுங்கண்ணா. ஏசுறதையும் மரியாதையா ஏசும். எங்க ஊர்ல ஏசினா ஏசின மாதிரி இருக்கும், ஒரு டீ குடிச்சா மறந்துரும். இது ஏசினா ரெண்டு நாள் மனசுல நிக்கும்.

கப்பல்ல தலைமை விஞ்ஞானி எய்னார்னு ஒரு நார்வேக்காரர். அறுவது வயசு, தாடி, ஸ்வெட்டர்ல ஓட்டை. பாமதிக்கும் அவருக்கும் ஒரு சண்டை ஓடிக்கிட்டு இருந்தது. சேத்துல ஆக்சிஜனைக் குடிக்கிறது பூரா கிருமிதான், புழு பூச்சியெல்லாம் சும்மா பேருக்குன்னு அவரு. இல்ல, ஆழம் கம்மியான குளிர்க்கடல்ல புழு, சிப்பிதான் பெரிய பங்கு குடிக்குது, ஒரு புழு பொந்து போட்டுத் தண்ணியை உள்ள இழுத்து விட்டா சேறு பூரா மூச்சு விடும்னு இது. சாப்பாட்டு மேசையில ரெண்டு பேரும் இதைத்தான் பேசுவாவ. உருளைக்கிழங்கைத் தின்னுக்கிட்டே புழுவைப் பத்தி. எனக்குப் பிடிச்சதே அந்த ஒண்ணுதான், அந்தப் புள்ளை அவருக்குப் பயப்படலை.

அதுக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. அதோட கான்ட்ராக்ட் செப்டம்பரோட முடியுது. எய்னாரோட யுனிவர்சிட்டியில ஒரு நல்ல வேலைக்கு மனு போட்டிருந்தது. முடிவு பண்ற கமிட்டிக்குப் புது ஆராய்ச்சி முடிவு ஏதாவது இருந்தா இந்த மாசத்துக்குள்ள அனுப்பலாம்னு சொல்லியிருந்தாவ. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, அது அம்மாகிட்ட சாட்டிலைட் போன்ல பேசும்போது நான் பக்கத்துல நின்னேன். ஒட்டுக் கேக்கலை. என் காது அங்க இருந்தது, அவ்வளவுதான்.

இப்ப ஏழாம் நம்பர் குழாய்க்கு வாரேன்.

பதினெட்டுக் குழாய்ல பதினேழு சும்மா சேறு. ஏழுல மட்டும் ஒரு பெரிய புழு. சேத்துக்குள்ள பொந்து போட்டு இருக்கும், தலைப்பக்கத்துல இருந்து இடியாப்பம் மாதிரி நூல் நூலா நீட்டி சேத்து மேல பரப்பிக்கிட்டுக் கிடக்கும். ஏதாவது வந்து விழுமான்னு வாயைத் திறந்துகிட்டு. நான் பாத்த உடனே பேரு வச்சுட்டேன், ஜெரோம்னு. என் மச்சினன் பேரு. அவனும் இதே வேலைதான், எங்க வீட்டு சோபாவுல. ஒவ்வொரு தடவை போகும்போதும், "என்ன மாப்ளே, சாப்பிட்டியா?"ன்னு கேப்பேன். பேச்சுத் துணைக்கு வேற ஆள் இல்ல அண்ணாச்சி. பதிலும் சொல்லாது, ஏசவும் ஏசாது.

முதல் தடவை அளந்தாச்சு. ஏழுல மத்த குழாயை விட ஒன்றரை மடங்கு ஆக்சிஜன் குடிச்சிருக்கு. பாமதிக்குக் கொஞ்சம் சந்தோஷம். எய்னார், ஒரு புழுவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. அப்புறம் முறைப்படி மூடியைத் திறந்து, புதுத் தண்ணி மாத்தி, அரை நாள் ஆறவிட்டு, மறுபடி அடைச்சு ரெண்டாந் தடவை அளக்கணும். அளந்தோம். ஏழுல நாலு மடங்கு! மத்த பதினேழும் பழையபடிதான், இது மட்டும் ஆக்சிஜனைக் கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி குடிச்சுத் தள்ளுது.

அந்தப் புள்ளை குளிர் அறையிலயே குதிச்சுது. குல்லா கழண்டு விழுந்தது. "அண்ணா! புழு முதல்ல பயந்து போய் இருந்துச்சுங்கண்ணா, இப்பத்தான் பழகிப் பொந்துல தண்ணி இறைக்க ஆரம்பிச்சிருக்குங்கண்ணா!"ன்னு என் கையைப் பிடிச்சு ஆட்டுது. ஒரு மாசத்துல அன்னைக்குத்தான் அது சிரிச்சு நான் பாத்தேன். பல்லு வரிசையா நல்லாத்தான் இருந்தது. சிரிச்சா என்னவாம் இத்தனை நாளு.

இடையில ஒரு சின்ன விஷயம், சொல்ல மறந்துட்டேன். பெரிசா ஒண்ணுமில்ல. மூடி திறந்து ஆறவிட்ட அந்த அரை நாள்ல, நான் ஜெரோமுக்கு ஒரு சிட்டிகை கூனிப்பொடி போட்டேன்.

சென்னாக்கூனி தெரியும்லா? பொடி இறால், காயவச்சு வறுத்து இடிச்சது. கப்பல் சாப்பாட்டுல உப்பும் கிடையாது உறைப்பும் கிடையாதுன்னு ரெஜினா ஒரு டப்பா கொடுத்துவிட்டிருந்தா. ஒரு உயிரு வாயைத் திறந்துகிட்டே நாலு நாளாக் கிடக்கு. நம்ம கையில டப்பா இருக்கு. போடலாமா வேண்டாமான்னு ரூல் புஸ்தகத்தையா பாக்க முடியும்? போட்டேன். நூல் நூலா எல்லாம் சேர்ந்து அள்ளி உள்ள இழுத்தது பாருங்க, கண்கொள்ளாக் காட்சி. வீட்டுக்கு வந்தவனுக்குச் சாப்பாடு போடுறது குத்தமா? நீங்களே சொல்லுங்க.

சரி, சொல்ல வேண்டாம்.

அப்ப எனக்கு ரெண்டையும் சேத்துப் பாக்கத் தோணலை. பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் தோணுச்சு. ஆனா ஒரு சிட்டிகை அண்ணாச்சி! ஒரு சிட்டிகைக்கு நாலு மடங்கா? நான் மூணு இட்டிலி தின்னா மூணு மடங்கா மூச்சு விடுதேன்? அப்படி நினைச்சுக்கிட்டேன். அதோட அந்தப் புள்ளை சிரிச்ச சிரிப்பு வேற. வாயை மூடிக்கிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம் மீட்டிங். பாமதி படம் போட்டுக் காட்டிச்சு. பதினேழு கோடு படுத்துக் கிடக்கு, ஒரு கோடு மட்டும் மலைச்சரிவு மாதிரி இறங்குது. எய்னார் தாடியைச் சொறிஞ்சாரு. குழாய் ஒழுகியிருந்தா வெளிக்காத்து உள்ள போய், குடிச்ச கணக்கு குறையத்தான் செய்யும், கூடாது. மிஷினைப் பாத்தாரு, பொட்டைப் பாத்தாரு. கடைசியில சொன்னாரு, "ஒரு குழாயை வச்சு நான் நம்ப மாட்டேன். ஆனா நம்பாம இருக்கவும் முடியலை. திரும்பப் போவோம். அதே இடத்துல புழு உள்ள குழாயா இன்னும் நாலஞ்சு எடுப்போம்." இங்கிலீஷ்ல சொன்னாரு, நான் நம்ம பேச்சுல சொல்லுதேன்.

திரும்பன்னா எவ்வளவு தூரம்னு நினைக்கீய? கப்பல் அதுக்குள்ள பதினாலு மணி நேரத் தூரம் தள்ளி வந்துட்டு. காத்து வேற கிளம்புதுன்னு தகவல். கேப்டன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. வேற ரெண்டு விஞ்ஞானிக்கு அவங்க வேலை நாள் போச்சு, அவங்களும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாவ. அவ்வளவு பெரிய கப்பலு, முப்பது பேரு, எல்லாம் திரும்பிப் போறாவ. எதுக்கு? ரெஜினா இடிச்ச பொடிக்கு. நான் டெக்குல நின்னு கப்பல் திரும்புறதைப் பாக்கேன். பொடி டப்பாவைக் கோட்டுப் பைக்குள்ள தள்ளி மூடிக்கிட்டேன்.

கமிட்டி கேட்டாச்சே, அந்தப் புள்ளை அனுப்பாம இருக்குமா? கமிட்டிக்கு அந்தப் படத்தை அன்னைக்கே அனுப்பிட்டு. "முதல்கட்ட முடிவு"ன்னு போட்டுத்தான் அனுப்பிச்சு. ஆனா அனுப்பிட்டு.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அலை ஏறிட்டு. கூண்டை ரெண்டு தடவை இறக்கினோம், நாலு குழாய்ல புழு வந்தது. மூணாவது தடவை கூண்டு தண்ணிக்கு மேல வரும்போது கப்பல் ஒரு சாய்ப்பு சாஞ்சது. கூண்டு ஊஞ்சல் ஆடுது. ஒரு குழாய்க்கு அடிமூடி சரியா மூடலை, சேறு ஒழுகுது, உள்ள ஒரு புழு தெரியுது. அந்தப் புள்ளை பாத்துட்டு. அடியில கை வச்சுத் தாங்கிரலாம்னு கூண்டுக்குக் கீழயே ஓடுது! நாமக்கல்லுல லாரி பின்னால வந்தா ஒதுங்கத் தெரியும்லா, கூண்டுக்கு ஒதுங்கத் தெரியாதா? நான் பின்னால இருந்து கோட்டுக் காலரைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். அது அந்தப் பக்கம் உருண்டுது. கூண்டோட கால் வந்து என் தோள்ல விழுந்தது. இந்தா, இந்த இடத்துல. காறை எலும்பு ரெண்டு துண்டு. சத்தம் எனக்கே கேட்டது, முறுக்கு உடைச்ச மாதிரி.

கப்பல்ல என்னைத் தலையில வச்சுக் கொண்டாடினாவ. கேப்டன் வந்து கை கொடுத்தாரு, நல்ல கையை. சமையல்காரர் கேக்கு செஞ்சு கொண்டுவந்தாரு. எய்னார் தன் ஸ்வெட்டரைக் கழட்டிக் கொடுத்துட்டாரு, ஓட்டையோட. நான் சிக் ரூம்ல ராஜா மாதிரி கிடக்கேன். அந்தப் புள்ளை கப்பல் சமையல்கட்டுல போய் நின்னு ரசம் வச்சு, சோறு குழைச்சுக் கொண்டுவந்தது. "நீங்க இல்லீன்னா நான் செத்திருப்பேனுங்கண்ணா"ன்னு அழுதது. ரசம் நல்லாயில்ல, ஆனா குடிச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு வந்தது. மூஞ்சி சுண்டிப்போய். புழு உள்ள நாலு குழாயும் அளந்தாச்சு. ஒன்றரை மடங்கு. நாலுலயும் ஒன்றரை மடங்குதான். நாலு மடங்கு எதுலயும் இல்ல.

"ஏழாம் நம்பர் என்னன்னே தெரியலீங்கண்ணா. சென்சாரை மூணு தடவை சரிபாத்துட்டேன். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுட்டேன். எங்கியோ நான்தான் தப்புப் பண்ணியிருக்கேன். எங்கன்னு தெரியலீங்க. எய்னார் ஒண்ணும் சொல்லலை, அவர் சொல்லாம இருக்கிறதுதான் தாங்கலீங்கண்ணா."

சொல்லிட்டுக் கட்டில் ஓரத்துல உக்காந்து தன் கையையே பாத்துக்கிட்டு இருக்கு. கையில எல்லாம் வெடிப்பு, குளிர்த் தண்ணியில கிடந்து கிடந்து. அண்ணாச்சி, அது என்னைக் குத்தம் சொல்லியிருந்தா நான் கடைசி வரைக்கும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன், எனக்கு வாய் ஜாஸ்தி. அது தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்ன பண்ண?

"மேடம், புழு சாப்பிட்டா இப்படி வருமா?"ன்னு கேட்டேன்.

"என்னத்தைங்கண்ணா சாப்பிடும், உள்ள ஒண்ணுமே இல்லியே?"

"கொஞ்சம் இருந்தது"ன்னேன்.

பொடி டப்பாவைத் தலைமாட்டுல இருந்து எடுத்துக் கொடுத்தேன். அது டப்பாவைத் திறந்து பாத்தது. மோந்து பாத்தது. மீன் வாடையே ஆகாத புள்ளை, முகத்தைச் சுளிக்கக்கூட இல்ல. நான் ஏசு ஏசுன்னு காத்துக்கிட்டுக் கிடக்கேன்.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு சிட்டிகை."

"கிராம்ல சொல்லுங்க."

இது எப்படி இருக்கு பாருங்க! ஒருத்தன் எலும்பு உடைஞ்சு, மனசும் உடைஞ்சு, உள்ளதை ஒத்துக்கிட்டுக் கிடக்கான், கிராம்ல சொல்லுன்னு கேக்கு. போய்த் தராசை எடுத்துட்டு வந்தது. பத்துத் தடவை சிட்டிகை போடச் சொல்லுச்சு, ஒவ்வொண்ணையும் எடை போட்டு எழுதுச்சு. போட்டது வலது கையில, வலது தோள்தான் உடைஞ்சிருக்கு. இடது கையில போட்டா சிட்டிகை மாறிடும்னு, என் வலது கையை மெதுவாத் தூக்கித் தராசு மேல தானே பிடிச்சுக்கிட்டது. "வலிக்குதாங்கண்ணா?"ன்னு கேட்டது. "வலிக்கு"ன்னேன். "சரிங்க, இன்னும் ஆறு"ன்னுது.

மறுநாள் மீட்டிங்ல அது எழுந்து நின்னு சொன்னது: ஏழாம் நம்பர் ரெண்டாவது அளவு செல்லாது. உள்ள சாப்பாடு விழுந்திருக்கு. கமிட்டிக்கும் எழுதிட்டேன், படத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டேன்னு. யாரு போட்டதுன்னு கேட்டாவ. "எங்க டீம்"னுது. என் பேரைச் சொல்லலை. நான் பின்னால கையைத் துணித்தொட்டில்ல தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கேன். கேக்கு செஞ்ச சமையல்காரர் பக்கத்துல நிக்காரு. எனக்கு அங்கன நிக்க முடியலை. கையைத் தூக்கினேன், நல்ல கையை. "நான்தான்"னு தமிழ்ல சொன்னேன். இங்கிலீஷ் வரலை அந்த நேரத்துக்கு. ஆனா எல்லாருக்கும் புரிஞ்சுட்டு.

எய்னார் என்னைப் பாத்தாரு. நாலு நாளு, முப்பது பேரு, ஒரு கப்பலுக்கு டீசலு. நான் ஸ்வெட்டரைக் கழட்டித் திருப்பிக் கொடுத்துரலாமான்னு யோசிக்கேன். கட்டு போட்ட கையோட அதையும் கழட்ட முடியாது. அவரு ரொம்ப அமைதியா, "இனிமே இந்த மனுஷர் குளிர் அறைக் கதவைத் தாண்டக் கூடாது"ன்னாரு. அவ்வளவுதான். நானும் தாண்டலை.

ஆனா பாமதி விடலை பாத்துக்கிடுங்க. குளிர்ல எல்லாம் மந்தம், சாப்பாடு விழுந்தாலும் சேறு மெதுவாத்தான் எடுத்துக்கிடும்னு பலபேரு நினைச்சுக்கிட்டு இருந்தாவளாம். இங்க என்னன்னா, போட்ட சில மணி நேரத்துல மூச்சு நாலு மடங்கு ஏறியிருக்கு. அப்ப அதுவ மந்தமில்ல, பசியில கிடந்திருக்கு. அது உண்மையா பாக்கணும்னு மீதியிருந்த பத்து நாள்ல கடல்பாசியை எடை போட்டு, எட்டுக் குழாய்க்கு முறைப்படி போட்டு அளந்தது. ஏறுச்சு. நாலு மடங்கு இல்ல, ரெண்டுக்குக் கொஞ்சம் மேல. ஆனா எட்டுலயும் ஏறுச்சு. எய்னாரே அந்தக் கோட்டைப் பாத்துட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. நான் கதவுக்கு வெளியில நின்னு கண்ணாடி வழியாத்தான் பாத்தேன்.

ரிப்போர்ட்ல எழுதியிருக்கு, ஏழாம் நம்பர்ல "தவறுதலாக" உணவு விழுந்ததுன்னு. அதான் அண்ணாச்சி என் வயித்தெரிச்சல். தவறுதலாவா? கை தவறிப் போச்சா? நான் பாத்து, நினைச்சு, வேணும்னுதான் போட்டேன்! அதை மாத்தி எழுதுங்கன்னு நாலு கடிதாசு எழுதிட்டேன். மாத்தலை.

கடைசி நாள் எல்லாக் குழாயையும் திறந்து சல்லடையில சலிச்சு, உள்ள இருக்கிற உயிரையெல்லாம் எடை போட்டுச் சாராயத்துல போடணும். அதுதான் முறை. நான் கேக்கவே இல்ல. கேக்க எனக்கு என்ன யோக்கியதை? டெக்குல ஒரு பெட்டி மேல உக்காந்திருந்தேன். அந்தப் புள்ளை ஏழாம் நம்பரைத் தூக்கிக்கிட்டு வெளியில வந்தது. "இது கணக்குலயே இல்லீங்கண்ணா, செல்லாத குழாய். எடை வேண்டாம்"னுது. கப்பல் ஓரத்துல குழாயைச் சாய்ச்சு, அடிமூடியைத் திறக்கச் சொல்லுச்சு. ஒத்தைக் கையால திறந்தேன். சேறும் தண்ணியும் ஜெரோமும் எல்லாம் ஒரே சொத்துன்னு விழுந்தது. எழுவது மீட்டர் கீழ போகணும், போய்ச் சேர்ந்துதோ, வழியில மீன் தின்னுச்சோ.

என்ன கேக்கீய? அந்த வேலையா? கிடைக்கலை. வேற யாருக்கோ கொடுத்துட்டாவ. திரும்ப வாங்கின படத்தைப் பத்தி ஒருத்தர் ஏதோ சொன்னாராம். எட்டுக் குழாய்க் கணக்கு முடிஞ்சு வாரதுக்குள்ள தேதி போச்சு. அது ஊருக்கு வந்து ஒரு காலேஜ்ல பாடம் எடுத்தது. ஒரு வருஷமா என்கிட்டப் பேசலை. நானும் பேசலை. நான்தான் உயிரைக் காப்பாத்தினேன்லா, அதுதானே பேசணும்? ரெஜினா சொன்னா, நீரே முதல்ல பேசும்னு. எலும்பு உடைஞ்சவன் நானு, நான் ஏன் பேசணும்னு கேட்டேன். அவ ஒரு வாரம் குழம்புல கூனி போடலை.

மூணு வாரத்துக்கு முந்தி போன் வந்தது. அதேதான். எய்னார் இந்த வருஷம் அதே கடலுக்குப் போறாரு, சாப்பாடு போட்டு அளக்குற வேலையைப் பாமதிதான் நடத்தணும்னு கூப்பிட்டிருக்காரு. ஒரு சீசனுக்கு மட்டும். டெக்னீஷியன் வேணும். ஆபீஸ்ல நாலு பேரு லிஸ்ட் கொடுத்தாங்க, எல்லாம் படிச்ச பையனுவ. "நீங்க வரீங்களாண்ணா?"ன்னு கேக்கு.

"என்னை ஏன் கூப்பிடுதீய?"ன்னேன். என் கைக்குன்னு சொல்லும்னு நினைச்சேன். சேறு எடுக்குற கைக்கு.

"அவங்கெல்லாம் தப்புப் பண்ணினா மறைச்சிருவாங்கண்ணா. நீங்க பண்ணிட்டு வந்து சொல்லிடுவீங்க"ன்னுது.

இது பாராட்டா ஏச்சா அண்ணாச்சி? எனக்கு இன்னும் விளங்கலை.

சரி, நல்லபடியாப் பேசுதேன்னு, ஒரு வருஷமா தொண்டையில கிடந்ததைக் கேட்டுட்டேன். "மேடம், அந்த வேலை போனது என்னாலதானா?"ன்னு.

எதுக்குக் கேட்டேன்? இல்லீங்கண்ணா, அப்படியெல்லாம் இல்லீங்கன்னு சொல்லும்னுதான். ஊர்ல யாரா இருந்தாலும் சொல்லுவாங்கல்லா? நம்ம வீட்டுக் கண்ணாடித் தம்ளரை உடைச்சவன்கிட்டக்கூட அது பழசுதான்னு சொல்லுதோம்லா?

"ஆமாங்கண்ணா"ன்னுது.

அவ்வளவுதான். அப்புறம், "குளிர்க் கோட்டு அங்க தருவாங்க, கையுறை மட்டும் நல்லதாப் பாத்து எடுத்துக்கங்க"ன்னுது. நான் போனைக் காதுல வச்சுக்கிட்டு வீட்டு வாசல்ல நிக்கேன். அது லைன்ல காத்துக்கிட்டு இருக்கு. வாரேன் மேடம்னேன்.

இந்தா, ஏர்போர்ட் விலக்கு வந்துட்டு. தூத்துக்குடியிலயே ஏர்போர்ட் இருக்கும்போது மதுரைக்கு எதுக்கு வாரேன்னு கேக்காதீய, டிக்கெட் போட்ட மகராசனைத்தான் கேக்கணும். துண்டு இருக்கட்டும், வச்சுக்கிடுங்க, நீங்க திருச்சி வரை போகணும். மேல இருக்கிற அந்தப் பையை மட்டும் இறக்கிக் கொடுங்க, இந்தத் தோளுக்கு மேல கை போகாது.

ஆனாலும் ஒண்ணு சொல்லுங்க. ஒரு பேச்சுக்காவது இல்லன்னு சொல்லியிருக்கலாம்லா?